காஞ்சனா கேட்ட சாவி

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மொட்டை போட்டவர்களுக்குத் தொப்பி விற்கிற கடைகளுக்கு நடுவில், ஹரிஹரனின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், முதியோர் உதவித்தொகை என அரசாங்கத்திடம் எதைக் கேட்பதானாலும் சுற்று வட்டாரத்து ஜனங்கள் அங்கேதான் வருவார்கள். காஞ்சனா அந்தக் கடையில் ஒன்பது வருடம் தட்டச்சு செய்தாள். வயது நாற்பத்திரண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஆர்.கே.பேட்டையில் தட்டச்சு கற்றவள். கணவன் ஆனந்தன் விசைத்தறி மெக்கானிக். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற வழியில் ஒரு தறிக்கார ஊரில் வீடு. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒன்பது வருடத்தில் அவள் அதிகம் தட்டச்சு செய்தது ஒரு கைப்பேசி எண்ணை. எந்த விண்ணப்பம் போட்டாலும் முதலில் ஒரு எண் கேட்கும். அந்த எண்ணுக்கு ஓடிபி வரும், பிற்பாடு எல்லாத் தகவலும் அதற்கேதான் போகும். வந்தவரிடம் போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடையின் எண்ணைப் போடச் சொல்லியிருந்தான் ஹரிஹரன். அந்தப் போன் அவன் மேசை இழுப்பறையில் கிடக்கும். "அதுங்க ஓடிபியை நாலா பக்கமும் சொல்லிகினு திரியும். நம்ம நம்பரே போட்டுடு, வேலை சுளுவா முடியும்" என்பான். காஞ்சனாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தப் பத்து இலக்கங்களும் அவள் விரல்களுக்குப் பழகிப்போய், திரையைப் பார்க்காமலே அடிப்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். காவடிக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்று அன்னம்மாள் கடைக்கு வந்தாள். காஞ்சனாவின் தெருக்காரி, விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறவள். ஐம்பத்தெட்டு வயதில், அந்த வெயிலில், அரோகரா கோஷத்துக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். புருஷன் செத்து இரண்டு வருடம். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டு ஒரு வருடமாகப் போகிறது. மாதா மாதம் வந்து கேட்பாள். தெருவிலேயே கேட்கலாம். ஆனால் கடையில் கேட்டால்தான் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார்கள் என்று நம்பினாள்.

"எம்மா காஞ்சனா, நம்முளுது இன்னா ஆச்சுன்னு பாரு."

"மேல ஆபீசுல கீது அத்தை. வந்தா போன்ல மெசேஜ் வரும்." காஞ்சனா தலையைத் தூக்காமலே சொன்னாள். ஒவ்வொரு மாதமும் சொல்வதுதான்.

அன்னம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்த போனுக்கு வரும்? எங்கிட்டதான் போனே இல்லியே."

காஞ்சனாவின் கை விசைப்பலகையில் நின்றது. வரிசையில் நின்றவர்களை இருக்கச் சொல்லிவிட்டு விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தாள். 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று சிவப்பில் வந்தது. கணவரின் இறப்புச் சான்றிதழ் நகல் தெளிவாக இல்லை, பதினைந்து நாட்களுக்குள் மீண்டும் பதிவேற்றவும். தேதியைப் பார்த்தாள். பதினோரு மாதம் ஆகியிருந்தது. கெடு முடிந்து விண்ணப்பமே தள்ளுபடியாகிவிட்டது. நகலை எடுத்தவள் அவள்தான். ஸ்கேனர் கண்ணாடி கீறல் விழுந்து மங்கலாகத்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஹரிஹரனின் மேசை இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள். படிக்காத செய்திகள் பதினான்காயிரத்துக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பிழைப்பு. கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் தயார் என்றது ஒன்று. ஒரு கிழவரின் உதவித்தொகை நிறுத்தப்படும், நேரில் வரவும் என்றது இன்னொன்று. அன்னம்மாளின் செய்தியும் இருந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

அன்னம்மாள் வாசல் நிழலில் போய் உட்கார்ந்திருந்தாள். ஹரிஹரன் டீ குடித்துவிட்டு வந்தான். காஞ்சனா அவனிடம் போனைக் காட்டினாள்.

"அதுக்கு இன்னா இப்ப? ஒர்த்தர் ஒர்த்தருதா பாத்துகினு இருந்தா கடை நடக்குமா? புதுசா ஒண்ணு போட்டுடு."

"அவங்கவங்க நம்பரைப் போட்டா அவங்களே பாத்துக்குவாங்க இல்ல?"

"அவங்களே பாத்துகினா நம்மகிட்ட எதுக்கு வரப் போறாங்க?" என்று சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவன் தெரியாதவளுக்குப் பாடம் சொல்கிற சிரிப்பு. அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள், அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. "நாளையிலேர்ந்து வர மாட்டேன் சார்" என்று மிக மெதுவாகச் சொன்னாள். அவன் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்னம்மாளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். வழியில் சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் தறிக்கூடத்துக்கே போய்ச் சொன்னாள். எட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மெதுவாகச் சொன்னால் கேட்காது. தன் தப்பைக் கத்திச் சொல்ல வேண்டி வந்தது. "அத்தை, உன்து பதினோரு மாசம் முன்னாடியே திரும்பி வந்துட்ச்சு! நான் பாக்கவே இல்ல! பாக்காமலே மேல கீதுன்னு சொல்லிகினு இருந்தேன்!"

ஒவ்வொரு தறியாக நிறுத்தினார்கள். சட்டென்று வந்த அமைதியில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அன்னம்மாள் சுற்றிக்கொண்டிருந்த நூலை அறுத்து ஓரமாக வைத்தாள்.

"பதினோரு மாசம் நடந்தேனே. ஒரு தபா பாக்கக் கூடாதா நீ?"

அன்னம்மாள் திரும்பி உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள். பத்து நாள் காஞ்சனாவோடு பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். "என்துக்கும் உங்க கடை நம்பர்தானா?" என்று சாமிநாதன் என்கிற தறிக்காரர் கேட்டார். "என் பொண்ணுதுக்கு?" என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தக் கூடத்தில் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேருக்கும் அதே எண்தான்.

இனிமேல் யாருக்கும் விண்ணப்பம் போட்டுத் தருவதில்லை, போடக் கற்றுத் தருவதுதான் என்று அன்றே முடிவு செய்தாள். ஆனால் எதில் கற்றுத் தருவது? அவளிடம் இருந்தது கண்ணாடி உடைந்த ஒரு போன். கம்ப்யூட்டர்கள் ஊரிலேயே இருந்தன, எட்டு. ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய அறையில், மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தன. சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை கொடுத்தது. 'கிராமப்புற மகளிர் கணினி மையம்' என்று வாசலில் பலகை. திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டு, ரிப்பன் வெட்டி, எல்லோருக்கும் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். சாயங்காலம் பூட்டிய கதவு பிறகு திறக்கவே இல்லை. சாவி ஊராட்சிச் செயலர் முரளிதரனின் வீட்டில் இருந்தது.

காஞ்சனா போய்க் கேட்டாள்.

"இன்னாம்மா, அதெல்லாம் காஸ்ட்லி ஐட்டம். நீ பாட்டுக்கு நாலு பேரை இட்டுகினு வந்து தட்டிகினு இருப்பே. கெட்டுப்பூட்டா யார் பதில் சொல்றது? ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க."

"மூணு வருஷமா யாரும் தொடாமலே கெட்டுப் போயிருந்தா யார் சார் பதில் சொல்லுவாங்க?"

"பூட்டியிருந்தா எப்படிம்மா கெடும்?"

முரளிதரன் திருடன் அல்ல. பயந்தவர். ஒரு பொருள் பயன்பட்டால் கணக்குக் கேட்பார்கள், பூட்டியிருந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று இருபது வருட உத்தியோகத்தில் கற்றுக்கொண்டவர். திருடனைக்கூடப் பிடித்துக் கொடுத்துவிடலாம். இப்படிப்பட்டவரை என்ன செய்வது? காஞ்சனா நான்கு முறை போனாள். தலைவர் ஊரில் இல்லை, மேலிடத்தில் கேட்க வேண்டும், திங்கட்கிழமை வா. நான்காவது முறை வெளியே வரும்போது தான் ஒன்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொன்ன சொற்களையே அவர் தனக்குச் சொல்கிறார் என்பது உறைத்தது.

ஆகஸ்ட் பதினைந்து அன்று பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை நடந்தது. வழக்கமாக இருபது பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஊரிலுள்ள எல்லாத் தறிக்கூடங்களிலிருந்தும் பெண்கள் நாற்பது பேருக்கு மேல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் படித்து முடித்தார் முரளிதரன். காஞ்சனா எழுந்தாள்.

"அந்த ரூமை எப்ப திறப்பீங்க?"

"அதை அப்பறம் பேசிக்கலாம்மா."

"இங்கயே பேசலாம் சார். நான் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. நீங்க சொல்ற பதிலையும் எழுதுங்க. எழுதாம நாங்க யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்."

முரளிதரன் சிரிக்கப் பார்த்தார். முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பத்து நாளாகப் பேசாமல் இருந்த அன்னம்மாள் பின்னாலிருந்து எழுந்தாள். "எழுதுப்பா. நாங்க பாத்துகினு இருக்கோம் இல்ல, எழுது." ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் இன்னும் இரண்டு ஊருக்குப் போக வேண்டும். "ஏங்க, சாவியைக் கொடுத்துத் தொலைங்களேன்" என்றார். நியாயத்துக்காகச் சொல்லவில்லை, நேரமாகிறது என்று சொன்னார். எப்படியோ, தீர்மானம் எழுதப்பட்டது. சாவி வந்தது.

அறையைத் திறந்தபோது எலி நாற்றம் முகத்தில் அடித்தது. எட்டுத் திரைகளின் மேலும் ஒட்டிய நெகிழித் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. ஒயர்களை எலி தின்றிருந்தது. கூரை ஒழுகி இரண்டு பெட்டிகளுக்குள் தண்ணீர் போயிருந்தது. முரளிதரன் வாசலிலேயே நின்று, "பூட்டித்தானே வச்சிருந்தோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனந்தன் தன் கருவிப் பையோடு வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். தறியை ஓடவைக்கிற கைக்கு ஒயர் மாற்றுவது பெரிய காரியமில்லை. ஐந்து கம்ப்யூட்டர்கள் உயிர் பெற்றன. மூன்றைக் காப்பாற்ற முடியவில்லை.

வகுப்பு சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை. காஞ்சனா நல்ல ஆசிரியை என்று சொல்ல மாட்டேன். பொறுமை கிடையாது. ஆனால் ஒரு விதி வைத்திருந்தாள்: யாருடைய கையிலிருந்தும் மவுஸை வாங்க மாட்டாள். எவ்வளவு நேரமானாலும் அவர்களேதான் நகர்த்த வேண்டும். முதல் நாளே, உங்கள் எண்ணைத் தவிர வேறு எண்ணைப் போடாதீர்கள் என்றாள். அப்புறம்தான் தெரிந்தது, பாதிப் பேருக்குச் சொந்தமாக எண்ணே இல்லை. போன் மகனிடம் இருக்கும், இல்லை புருஷனிடம். "அவரு தரமாட்டாருக்கா" என்றாள் ஒருத்தி. காஞ்சனா அந்த வீட்டுக்கே போய், அந்தப் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து, அவர் தரும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்னம்மாளுக்கு வேறு சிக்கல். அவள் பிறந்தது ஆந்திராவில் நகரிப் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. கையெழுத்தும் தெலுங்கில்தான். திரையில் தமிழும் ஆங்கிலமும்தான் வரும். காஞ்சனாவோ தெலுங்கு பேசுவாள், எழுத்துத் தெரியாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காஞ்சனா திரையில் உள்ள சொல்லைப் படித்துத் தெலுங்கில் சொல்வாள். அன்னம்மாள் அந்தத் தமிழ்ச் சொல்லைப் படம் மாதிரிப் பார்த்து ஓர் அட்டையில் வரைந்து, எதிரில் தெலுங்கில் எழுதிக்கொள்வாள். 'சமர்ப்பிக்க' என்ற சொல்லை வரைய அவளுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. உதவித்தொகைக்குப் புது விண்ணப்பம் போட்ட அன்று, அப்போதுதான் வாங்கிய பட்டன் போனில் முதல் ஓடிபி வந்தபோது மடியில் போன் அதிர்ந்ததில் பயந்து எழுந்துவிட்டாள். பிறகு ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினாள். நேரம் கடந்துவிட்டது என்று திரை சொன்னது.

"எழுதத் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் டைம் வச்சிருக்கானா இவன்?" என்று அன்னம்மாள் கேட்டாள். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. அன்று காஞ்சனாவிடம் அவள் பழைய மாதிரி பேசினாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அந்த அறக்கட்டளையிலிருந்து சௌமியா என்கிற பெண் காரில் வந்து இறங்கினாள். இருபத்து நான்கு வயதிருக்கும். கையில் சுருட்டிய பேனர். திட்டம் முடிகிறது, நிறைவு அறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டும் என்றாள். கம்ப்யூட்டர்கள் ஓடுவதைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். "ரொம்ப நல்லா நடத்துறீங்க மேடம். பயனாளிகள் எல்லாரையும் ஒரு தடவை நிக்கச் சொல்றீங்களா? லிஸ்ட் இருக்கு."

"என்ன லிஸ்ட்?"

சௌமியா கோப்பைத் திறந்து காட்டினாள். மூன்று வருடத்தில் கணினிப் பயிற்சி பெற்ற பெண்கள், இருநூற்றுப் பதினான்கு பேர். பெயர், தெரு, கையெழுத்து. முப்பத்தேழாவது பெயர் காஞ்சனா. பக்கத்தில், அவள் போடாத அவள் கையெழுத்து. அந்த மூன்று வருடமும் கதவில் பூட்டு தொங்கியது. இருந்தது எலிகள் மட்டும்தான். பக்கத்தைத் திருப்பினாள். அன்னம்மாளின் பெயருக்கு நேரே அச்சடித்தாற்போல் அழகான தமிழில் கையெழுத்து இருந்தது.

"அத்தை, இங்க வா. இது உன் கையெழுத்தா?"

அன்னம்மாள் குனிந்து பார்த்தாள். "எனுக்குத் தமிழ் வராதே. இது யாருது?"

சௌமியாவும் குனிந்து பார்த்தாள். "எனக்குத் தெரியாது மேடம். நான் வேலைக்குச் சேர்ந்தே நாலு மாசம்தான்."

"அந்த பேனரைச் சுருட்டு" என்றாள் காஞ்சனா. "ஒரு போட்டோ எடுத்தாலும் செல்போனை வாங்கி உள்ள வச்சிடுவேன்." கோப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் தன் போனில் படம் பிடித்தாள். சௌமியா தடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் போன் செய்து, வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள் காஞ்சனா. அந்தப் பெண்ணிடம் இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம் என்று என்னிடம் பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தவர்களிடம் காஞ்சனா படங்களைப் பெரிதாக்கிக் காட்டினாள். தன் பெயரைக் கண்ட ஒவ்வொருத்தியும் வாய்விட்டுத் திட்டினாள். திட்டி முடித்ததும், "சரி, இப்ப சொன்னதை எழுதுங்க. கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க" என்றாள் காஞ்சனா. மாவட்ட நிர்வாகத்துக்கு இணையத்தில் மனுப் போடுவதை அன்றைக்குப் பாடமாக வைத்தாள். ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போடலாம் என்று ஆனந்தன் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. தனித்தனியாக, அவரவர் எண்ணிலிருந்து, அவரவர் சொல்லில். ஐந்தே கம்ப்யூட்டர்கள் என்பதால் ஒன்பது நாள் ஆனது. முப்பத்தொரு மனுக்கள். 'அந்த ரூமுக்குள் நான் போனதே இல்லை. என் பெயரை எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது' என்று ஒருத்தி எழுதினாள். அன்னம்மாள் தெலுங்கில் நான்கு வரி தட்டச்சு செய்து, இது என் எழுத்து, அது என் எழுத்தல்ல என்று முடித்தாள்.

முதலில் வந்த பதில், 'நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது'. என்ன நடவடிக்கை என்று இல்லை. முப்பத்தொரு போனிலும் ஒரே நாளில் ஒரே வாக்கியம். திரும்ப எழுதினார்கள். இரண்டாவது முறை ஓர் அதிகாரி நேரில் வந்து வாக்குமூலம் வாங்கினார். கடைசியில் அறக்கட்டளையிடமிருந்து ஊராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. 'எழுத்தர் நிலையில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்.' இருநூற்றுப் பதினான்கு கையெழுத்தும் எழுத்தர் பிழையாம். அந்தக் கடிதத்தை முரளிதரன் கொண்டுவந்து கொடுத்தபோது காஞ்சனா அதை இரண்டாகக் கிழிக்கப் போனாள். முரளிதரன்தான், "கிழிக்காதம்மா, ஃபைல்ல வை. வேணும்" என்று வாங்கிப் பத்திரப்படுத்தினார். பட்டியலில் இருந்து பெயர்கள் நீக்கப்பட்டன. தண்டனை யாருக்கும் கிடைக்கவில்லை.

அன்னம்மாளுக்குப் போன வருடம் பொங்கலுக்குப் பிறகு உதவித்தொகை அனுமதியானது. உத்தரவு அவள் போனுக்கே வந்தது. புது விண்ணப்பத் தேதியிலிருந்துதான் கணக்கு. அந்தப் பதினோரு மாதம் போனது போனதுதான். அதைக் கேட்டு அவள் எழுதுகிற மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. ஹரிஹரனின் கடையில் கூட்டம் குறையவில்லை. திருத்தணிக்கு வருகிற ஊர்கள் நிறைய. காஞ்சனா காலையில் தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறாள், சாயங்காலம் அறையைத் திறக்கிறாள்.

போன மாதம் நான் போயிருந்தபோது கனகம்மாசத்திரத்திலிருந்து வெங்கடேசன் என்கிற லாரி டிரைவர் வந்தார். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க வேண்டும். ஊருக்குள் யாரோ இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"உக்காருங்கண்ணா. சொல்லித் தரேன், நீங்களே போடலாம்."

"எனுக்கு அதெல்லாம் வராதும்மா. நீயே போட்டுக் குடு. லோடு நிக்கிது."

"நான் போட மாட்டேன். நீங்க உக்காருங்க."

"அஞ்சு நிமிசத்துல ஆவுற வேலைக்கு இன்னாம்மா இவ்ளோ ராங்கு பண்றே?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. காஞ்சனாவின் முகம் சிவந்திருந்தது. அந்த மனிதர் மேல் கோபமா, தன் மேலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அறையில் இருந்த பெண்கள் தலையைத் தூக்காமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் காலி நாற்காலியைக் கொண்டுபோய், வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒருத்திக்குப் போட்டாள்.